டீலர் சான்று கொடுத்த வெளிநாட்டுப் பழைய கார்: பணம் அனுப்பும் முன்பே கேட்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பழைய கார்களைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பது என் தொழில். துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்த கையோடு பலர் வண்டியை நேரே என்னிடம் ஓட்டி வருகிறார்கள். கையில் ஒரு கோப்பு இருக்கும். முதல் தாள் டீலர் கொடுத்த சான்றிதழ். அடுத்தது நூற்றுக்கு மேற்பட்ட அம்சங்கள் கொண்ட சோதனைப் பட்டியல், கட்டத்துக்குக் கட்டம் டிக். "டீலர் அப்ரூவ் பண்ணின வண்டிதான் சார், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க" என்பார்கள். அந்த நேரத்தில் பார்த்துச் சொல்வதில் பயன் குறைவு. பணம் போய்விட்டது, வரி கட்டியாகிவிட்டது, வண்டியைத் திருப்பி அனுப்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. இனி எவ்வளவு செலவு காத்திருக்கிறது என்று சொல்வதைத் தவிர என் அறிக்கையால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பணம் அனுப்பும் முன்பே இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தச் சான்றைக் கொடுத்தது யார் என்பதிலிருந்து தொடங்குங்கள். கார் கம்பெனியே நடத்தும் சான்றுத் திட்டம் ஒன்று, டீலர் தன் கடைக்குத் தானே வைத்துக்கொண்ட முத்திரை இன்னொன்று. விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கம்பெனி திட்டத்தில் வண்டிக்கு வயது வரம்பும் ஓடிய கிலோமீட்டர் வரம்பும் இருக்கும். சோதனைப் பட்டியலைக் கம்பெனியே வகுத்திருக்கும், வாரன்டிக்கும் அதுதான் பின்னால் நிற்கும். டீலரின் சொந்த முத்திரையில் இவை எதுவும் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. விற்பவரே சோதித்து, விற்பவரே தேர்ச்சி போட்ட வண்டி அது. நேர்மையாகச் சோதித்து அனுப்பும் டீலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய வண்டிகளும் என்னிடம் வருகின்றன. ஆனால் இவர் எந்த வகை என்பதைக் கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விளம்பரத்தை வைத்துக் கணிக்க முடியாது.

சரி, கம்பெனி திட்டத்தில் வந்த வண்டி என்றே வைத்துக்கொள்வோம். அந்த வாரன்டி உங்கள் நாட்டில் செல்லுமா? பெரும்பாலும் செல்லாது. எந்தெந்த நாடுகளில் செல்லுபடியாகும் என்று வாரன்டி கையேட்டிலேயே ஒரு பத்தி இருக்கும். விற்ற நாட்டோடோ அதைச் சுற்றியுள்ள ஒரு வட்டாரத்தோடோ அது முடிந்துவிடும். ஜப்பானில் உள்நாட்டு விற்பனைக்கென்று தயாரான காரை உங்கள் ஊர் ஷோரூமுக்குக் கொண்டுபோனால், கம்பெனி அதே கம்பெனியாக இருந்தும் அவர்களுடைய உதிரிபாகப் பட்டியலில் அந்த மாடலே இல்லாமல் இருக்கலாம். 'இந்தக் கார் வேறு நாட்டில் பதிவானால் வாரன்டி தொடருமா, எந்த வொர்க்‌ஷாப் வேலையை ஏற்கும்' என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் வரும் பதிலை நம்பி இருக்காதீர்கள். ஏற்றுமதிக்கு விற்கும்போது இன்வாய்ஸில் 'உள்ளது உள்ளபடி' என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரி, சான்றிதழ் சொன்ன எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாம்.

அடுத்து சோதனைப் பட்டியல். நான் டிக்குகளை எண்ணுவதில்லை, எண்கள் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன். 'டயர்: நன்று' என்று எழுத வண்டிக்குப் பக்கத்தில் போக வேண்டியதே இல்லை. 'முன் இடது 5.1 மில்லிமீட்டர், முன் வலது 4.8, பின் இடது 6.0' என்று எழுத வேண்டுமானால் யாரோ குனிந்து அளந்திருக்க வேண்டும். பிரேக் பேட் தடிமன், பேட்டரி நிலை, பெயின்ட் தடிமன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஓடிய காரில் நான்கு டயருக்கும் ஒரே அளவு எழுதியிருந்தால், அளந்தவர் ஒரு சக்கரத்தோடு நின்றுவிட்டாரா என்று கேட்க வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓடியது வெறும் 20,000 கிலோமீட்டர் என்கிறார்கள், ஆனால் நான்கு டயரும் வண்டியைவிட மூன்று வயது இளையவை என்றால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தன என்ற கேள்வி எழும்.

டீலரின் தாள்களை விட எனக்கு முக்கியம், அந்த விற்பனையில் லாபம் இல்லாத ஒருவர் எழுதிய தாள். ஜப்பானிய வண்டிகளில் அது ஆக்‌ஷன் ஷீட். ஏலத்துக்கு வரும் காரை ஏல நிறுவனத்தின் ஆட்கள் பார்த்து, 5, 4.5, 4, 3.5 என்று தரம் போட்டு, காரின் வரைபடத்தில் எங்கெங்கே என்ன குறை என்று எழுத்தும் எண்ணுமாகக் குறிப்பார்கள். ஏ என்றால் கீறல், யு என்றால் ஒடுக்கு, டபிள்யூ என்றால் வேலை பார்த்த இடத்தில் தெரியும் அலை, எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பகுதி மாற்றப்பட்டது. கூடவே வரும் எண் குறையின் அளவு. தரம் போடும் இடத்தில் ஆர் அல்லது ஆர்ஏ என்று இருந்தால் விபத்துக்குப் பின் பழுது பார்த்த வண்டி.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஜப்பானில் 'பழுதுபார்த்த வரலாறு இல்லை' என்று சொன்னால், காரின் எலும்புக்கூட்டில், அதாவது அடிச்சட்டம், தூண்கள், தளம், கூரை ஆகியவற்றில் வேலை நடக்கவில்லை என்றுதான் பொருள். போல்ட் போட்டு மாட்டும் பானட், கதவு, முன் ஃபென்டர், பம்பர் ஆகியவை மாற்றப்பட்டிருந்தாலும் அந்தக் கணக்கில் அது 'வரலாறு' ஆகாது. டீலர் பொய் சொல்லவில்லை, வாங்குபவர் வேறு பொருளில் படித்துவிடுகிறார். அதனால் தர எண்ணோடு நிறுத்தாமல் வரைபடத்தைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஃபென்டருக்கு எக்ஸ்எக்ஸ், அதை ஒட்டிய கதவுக்கு டபிள்யூ என்று இருந்தால், அந்தப் பக்கம் ஒரு நல்ல இடி வாங்கியிருக்கிறது. அதற்காக வேண்டாம் என்று விட்டுவிட வேண்டியதில்லை. விலையைப் பேச அது ஒரு காரணம். ஷீட்டையே கணினியில் திருத்தி அனுப்புபவர்களும் உண்டு என்பதால், டீலர் அனுப்பிய படத்தை நம்பாமல் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஏலப் பதிவைத் தனியாகச் சரிபாருங்கள். ஏலத்துக்கு வராமல் நேரடியாக டீலரிடம் வந்த கார் என்றால், அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனங்களின் நிலை அறிக்கையைக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய உள்நாட்டு வண்டிகளில் மற்ற நாடுகளில் வண்டியின் அடையாள எண்ணாக இருக்கும், 17 எழுத்துகள் கொண்ட வின் எண் இருக்காது. மாடல் குறியீடு, ஒரு கோடு, பிறகு வரிசை எண் என்று குட்டையான சேசிஸ் நம்பர்தான் இருக்கும். அதை வின் சரிபார்க்கும் இணையதளத்தில் போட்டுவிட்டு 'ரெக்கார்டே இல்லை, சுத்தமான வண்டி' என்று மகிழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தளத்தில் ஜப்பான் வண்டியின் தகவலே கிடையாது, அவ்வளவுதான்.

மற்ற நாடுகளிலும் இப்படி மூன்றாம் தரப்புப் பதிவுகள் இருக்கின்றன. பிரிட்டனில் எம்ஓடி எனும் ஆண்டுதோறும் நடக்கும் சாலைத் தகுதிச் சோதனையின் வரலாற்றை வண்டியின் பதிவெண்ணை வைத்து யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையிலும் எவ்வளவு ஓடியிருந்தது, எதில் தோற்றது என்று எல்லாம் இருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்ட வண்டிகளுக்கு அங்கே 2017 அக்டோபரிலிருந்து எஸ், என் என்ற வகைகள் இருக்கின்றன. எஸ் என்றால் கட்டமைப்பில் சேதம், என் என்றால் கட்டமைப்பைத் தொடாத சேதம். பெல்ஜியத்தில் பழைய கார் வாங்குபவருக்குக் கிலோமீட்டர் வரலாறு அடங்கிய கார்-பாஸ் கொடுப்பது 2006 டிசம்பரிலிருந்து கட்டாயம். அமெரிக்கா வேறு மாதிரி. வண்டியின் உரிமைப் பத்திரத்தில் 'சால்வேஜ்' (பெரும் சேதமடைந்து கைவிடப்பட்டது), 'வெள்ளத்தில் மூழ்கியது' என்று முத்திரை விழும், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால் வேறு மாநிலத்தில் மறுபதிவு செய்து அந்த முத்திரையைக் கழுவிவிடுவது பழைய மோசடி. அங்கிருந்து வாங்கினால் இப்போதைய பத்திரம் போதாது, முழு வரலாறும் வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் மேசைக்கு வருவதில் மனசை ரொம்பக் கஷ்டப்படுத்துபவை அவைதான். உள்ளே ஏறியதும் வாசனை திரவியம் தூக்கலாக அடித்தால் நான் முதலில் சீட் பெல்ட்டைப் பிடித்து, கடைசி வரை மெதுவாக இழுப்பேன். தினமும் போடும்போது வெளியே வரும் நீளத்தை எல்லோரும் கழுவிவிடுவார்கள். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி அரை மீட்டரை யாரும் கழுவுவதில்லை. அங்கே காய்ந்த தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்புக் கோடு, விரலால் தடவினால் நுண்ணிய சேற்றுத் தூள். அப்புறம் முன் சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டைப் பார்ப்பேன். கம்பளம் புதிதாக இருக்கும், போல்ட்டின் தலை துருப்பிடித்திருக்கும். சீட்டுக்கு அடியில் ஏர்பேக், பெல்ட் ஒயர்களின் கனெக்டரைக் கழற்றினால் பித்தளை முனைகளில் பச்சை பூத்திருக்கும். அந்த வண்டி இன்று ஓடும், அடுத்த மழைக்காலத்தில் ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு ஒவ்வொன்றாகப் போகும். இந்த மூன்று இடங்களையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி டீலரிடம் நீங்களே கேட்கலாம். ஐந்து நிமிட வேலை. மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

ஏர்பேக் என்றதும் தகாட்டாவைச் சொல்லாமல் போக முடியாது. அந்த நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் (பையை ஊதி விரிக்கும் பாகம்) பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான கார்களில் இருந்தன. உள்ளே இருக்கும் அமோனியம் நைட்ரேட் பல வருட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் உலோக உறையையே வெடிக்க வைத்து ஆளைக் கொன்றிருக்கிறது. குளிர்நாட்டில் ஓடிய கார் வெப்ப நாட்டுக்கு வந்த பிறகு இந்த ஆபத்து கூடத்தான் செய்யும். தயாரித்த கம்பெனியின் ரீகால் பக்கத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டு, இன்ஃப்ளேட்டர் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். மாற்றவில்லை என்றால் கப்பல் ஏறும் முன்பே அந்த நாட்டு ஷோரூமில் மாற்றிவிடச் சொல்லுங்கள். வந்த பிறகு, தாங்கள் விற்காத வண்டி என்று உள்ளூர் ஷோரூம் கைவிரித்துவிட்டால் அலைச்சல்தான்.

மின்சார கார் என்றால் எஞ்சின் சோதனைப் பட்டியல் எதற்கும் உதவாது, பேட்டரியின் மீதமுள்ள திறன் எவ்வளவு சதவீதம் என்று ஓபிடி கருவியில் (காரின் கணினியோடு இணைத்துத் தகவல் படிக்கும் கருவி) எடுத்த அறிக்கைதான் வேண்டும். சார்ஜிங் முனையையும் பாருங்கள். ஜப்பானிய வண்டிகளின் விரைவு சார்ஜிங் பெரும்பாலும் சாடெமோ, ஐரோப்பாவில் சிசிஎஸ் 2, சீனாவில் ஜிபி/டி. உங்கள் பகுதியில் எது இருக்கிறதோ அதுதான் முக்கியம். ஐரோப்பிய டீசல் கார்களும் அப்படித்தான், அவற்றின் புகை வடிகட்டிகள் கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் போகாத டீசலுக்காகச் செய்யப்பட்டவை, உங்கள் ஊர் டீசல் அப்படியா என்று பாருங்கள். ஜப்பான் கார் ரேடியோ பெரும்பாலும் 76 முதல் 90 அல்லது 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும் என்பதெல்லாம் இவற்றோடு பார்த்தால் சின்ன விஷயம்.

இனி பணம். இன்வாய்ஸில் உள்ள நிறுவனப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 'கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால் பதில் அனுப்பாதீர்கள், முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். எல்சி, அதாவது ஆவணங்களைப் பார்த்து விற்பவருக்குப் பணம் தருவதாக உங்கள் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், திறந்தால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எல்சியில் வங்கி பார்ப்பது ஆவணங்களை மட்டும்தான், சரக்கை அல்ல. எல்சிகளுக்கான சர்வதேச விதிகளான யுசிபி 600-இன் 5ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. தாள்கள் சரியாக இருந்தால் காரில் எஞ்சினே இல்லாவிட்டாலும் பணம் போகும். ஆகவே எல்சி திறக்கும்போதே தேவையான ஆவணங்களின் வரிசையில் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: டீலருக்குச் சம்பந்தமில்லாத சோதனை நிறுவனம், கப்பலேற்றும் தேதிக்கு முன், சேசிஸ் நம்பரையும் ஓடோமீட்டர் அளவையும் குறிப்பிட்டுக் கொடுத்த நிலை அறிக்கை. அது இல்லாமல் வங்கி பணம் கொடுக்காது. சோதனைக் கட்டணம் உங்கள் தலையில் விழும். ஆனால் என்னிடம் வந்தவர்களில் பலர் வண்டி வந்திறங்கிய பிறகு செய்த செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. அந்த நிறுவனம் சாலைத் தகுதியை மட்டும் பார்த்துச் சான்று கொடுக்கிறதா, வண்டியின் நிலையையும் பார்க்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு.

காரின் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சிஐஎஃப் விலையில் காப்பீடு அடங்கும் என்றாலும், விற்பவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடு மட்டும். கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் கிடைக்கும், களவுபோன கண்ணாடிக்கோ ஒடுங்கிய கதவுக்கோ கிடைக்காது. கூடுதல் காப்பீடு வேண்டுமானால் கப்பல் கிளம்பும் முன்பே கேட்டு வாங்க வேண்டும். துறைமுகத்தில் வண்டியை எடுக்கும்போது அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நான்கு பக்கமும், உள்ளேயும், ஓடோமீட்டரையும் படமெடுத்துவிட்டு, சேதம் தெரிந்தால் டெலிவரி சீட்டிலேயே எழுதி, பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். உடனே கண்ணுக்குத் தெரியாத சேதம் என்றால், கடல்வழிச் சரக்குக்குப் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் ஹேக் விதிகளின்படி வண்டியை எடுத்த மூன்று நாட்களுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பரிசோதகரிடம் காட்டுவதாக இருந்தால் அந்த மூன்று நாளுக்குள் காட்டுங்கள்.