ஈக்கோசஃபி: தமிழில் என்ன சொல்லலாம்?

ஈக்கோசஃபி என்றதும், மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், எல்லாரும் காட்டுக்குப் போங்கள் என்று சொல்கிற கொள்கை போல என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். சொல்லைப் பிரித்தால் அப்படி எதுவும் கிடைக்காது. கிரேக்கத்தில் 'ஒய்கோஸ்' என்றால் வீடு, 'சோஃபியா' என்றால் ஞானம். மனிதனும் மற்ற உயிர்களும் சேர்ந்து இருக்கிற இந்த வீட்டில் எப்படி வாழ்வது என்கிற ஞானம்தான் ஈக்கோசஃபி. 1866-ல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் உண்டாக்கிய எக்காலஜி (சூழலியல்) என்ற சொல்லிலும் இருப்பது இதே வீடுதான், எக்கனாமியிலும் அதுதான்.

இந்தச் சொல்லை 1970-களில் பரப்பியவர் ஆர்னே நெஸ், நார்வே தத்துவப் பேராசிரியர். மின்சாரத்துக்காக அந்த நாட்டு மார்டோலா அருவியைத் திருப்பக் கூடாது என்று 1970-ல் நடந்த மறியலில் அவரும் உட்கார்ந்தார். ஆனால் தொழில்நுட்பமே கூடாது என்றவர் இல்லை. புதிதாக வருவதெல்லாம் முன்னேற்றம் என்று கண்ணை மூடி ஏற்காதீர்கள் என்றார். தன் சிந்தனைக்கு அவர் வைத்த பெயர் 'ஈக்கோசஃபி டி' (T). அந்த 'டி', ட்வெர்காஸ்டைன் என்ற இடத்தில் இருந்த அவருடைய மலைக் குடிலைக் குறிக்கும். அவரவர் ஊரிலிருந்து அவரவர் யோசிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

அப்படியானால் எங்கள் வேலூர்ப் பக்கத்துக்கு எழுத்து 'பா'. பாலாறு.

சின்ன வயதில் பள்ளிகொண்டாவில் பாட்டி ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருக்கிறேன். முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறிப்பார், முதலில் ஊறுகிற கலங்கல் தண்ணீரைச் சொம்பால் இறைத்துக் கொட்டுவார், அப்புறம் குடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் அவசரப்பட்டால் "இரு கண்ணு, தெளியட்டும்" என்பார். எனக்கு ஈக்கோசஃபி புரிந்தது அந்தக் காத்திருப்பில்தான்.

அதே ஆற்றங்கரையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தது. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை கழிவு மண்ணிலும் கிணற்றிலும் இறங்கியது. தெளியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது: கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துகிறவர் பொறுப்பு, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுதல் வரும் என்று முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்கிற முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதியானது எங்கள் ஆற்றை வைத்துத்தான், அதை இங்கேயே பலர் மறந்துவிட்டது எனக்கு வருத்தம்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'இயற்கைத் தத்துவம்' எனக்கு ஒப்பவில்லை. இயற்கை என்றாலே எதிரே செயற்கை வந்து நின்று மனிதனை வெளியே தள்ளிவிடுகிறது. 'சூழல் தத்துவம்' என்றால் நாம் நடுவில், மற்றதெல்லாம் நம்மைச் சுற்றி. இரண்டுமே ஈக்கோசஃபி மறுக்கிற பார்வை. ஒய்கோஸுக்கு நம்மிடம் 'திணை' இருக்கிறது: குறிஞ்சி, முல்லை என்று நிலத்தையும் அதில் வாழ்வதையும் சேர்த்தே சொல்கிற சொல். உயர்திணை, அஃறிணை என்று பிரித்ததும் அதே சொல்தானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் திணைக்குரிய கருப்பொருள்களைப் பாருங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ், எல்லாம் ஒரே வரிசையில். தொழிலையும் தோல் கட்டிய பறையையும் பறவைக்கும் மரத்துக்கும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், வெளியே தள்ளவில்லை.

சோஃபியாவுக்கு அறிவு போதும். மெய்யியல் என்பது ஃபிலாசஃபிக்கு உரியது. ஆக, ஈக்கோசஃபி என்பது திணையறிவு. 'டீப் எக்காலஜி' நெஸ் தொடங்கிய இயக்கத்தின் பெயர், அதற்கு ஆழ்சூழலியல் இருக்கிறது, இரண்டையும் குழப்ப வேண்டாம். எழுதும்போது ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்: பாலாற்றுத் திணையறிவு, ஜவ்வாதுமலைத் திணையறிவு. நெஸ் அந்த 'டி'யை ஒட்டவைத்தது அதற்காகத்தான்.