45 என்றால் மனிதன்

“யூத மறைஞானத்தில் வரும் ஆதாம் கத்மோன், ஏதேன் தோட்டத்து ஆதாம்தானா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. பழம் தின்று மாட்டிக்கொண்டவர் ஆதாம் ஹரிஷோன், முதல் மனிதர். கத்மோன் என்றால் ஆதி, எல்லாவற்றுக்கும் முந்தியது. இவருக்குச் சதையுமில்லை, எலும்புமில்லை. ஒளியை மனித வடிவில் கற்பனை செய்தால் அதுதான் இவர்.

இந்தக் கருத்தை விரித்து வளர்த்தவர் யூத மறைஞானி ஐசக் லூரியா. 1570இல் கலிலேயாவின் சஃபேத் ஊருக்கு வந்தார். 1572இல் 38 வயதில் கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஹயிம் விட்டல் என்ற சீடர் எழுதிவைத்ததுதான். எல்லையற்ற இறை தன்னைச் சுருக்கிக்கொண்டு இடம் விடுகிறது. அந்த வெற்றிடத்தில் ஒரு கீற்று ஒளி நுழைந்து ஆதாம் கத்மோன் ஆகிறது. அவருடைய காது, மூக்கு, வாய், கண் வழியாக ஒளி பாய்கிறது. கண்ணொளியை ஏந்த வைத்த பத்துக் கலங்களில் கீழ் ஏழும் தாங்காமல் உடைந்தன. அதைச் சீராக்க நெற்றியிலிருந்து புது ஒளி வந்தது. அதன் பெயர் மா.

சரி, ஏன் மா? எனக்குப் பிடித்த கணக்கு இங்கேதான் இருக்கிறது. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, நம் பழைய கணக்கில் அ எட்டு, வ கால் என்பதுபோல. இறைப்பெயரில் நான்கு எழுத்து: யோத் 10, ஹே 5, வாவ் 6, மறுபடி ஹே 5. மொத்தம் 26. இப்போது எழுத்தை விட்டுவிட்டு அதன் பெயரை எழுதுங்கள், ‘க’வைக் ‘கானா’ என்று எழுதுவதுபோல. யோத் என்று எழுத யோத், வாவ், தாலேத் வேண்டும்: 10+6+4=20. ஹேயையும் வாவையும் பலவிதமாக எழுதலாம். ஆலெஃப் (1) சேர்த்து எழுதினால் ஹே 6, வாவ் 13 ஆகும். 20+6+13+6=45. மா என்பதில் மேம் 40, ஹே 5. ஆதாம் என்பதில் ஆலெஃப் 1, தாலேத் 4, மேம் 40. அதே 45!

எழுத்துக்கூட்டலை இஷ்டப்படி மாற்றினால் எந்த எண்ணும் வருமே என்பீர்கள். உண்மைதான், இது நிரூபணம் ஒன்றுமில்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டி அதிர்ஷ்டம் விற்கும் நியூமராலஜியை நான் சல்லிக்காசுக்கும் மதிப்பதில்லை. ஆனால் லூரியா வழியினர் மிச்சக் கூட்டல்களைக் குப்பையில் போடவில்லை. 72, 63, 52 என்று வந்த மூன்றுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். ஹேயை ஹே-ஹே என்றும் வாவை வாவ்-வாவ் என்றும் எழுதினால் வருவது 52. விலங்குக்கு எபிரேயத்தில் பெஹேமா. கூட்டிப் பாருங்கள்: பேத் 2, ஹே 5, மேம் 40, ஹே 5.