மஜரா: பத்திரத்தில் இருக்கும் ஊர் வரைபடத்தில் ஏன் இல்லை?

தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். இன்றைய வரைபடத்தில் தேடினால் வராது. பட்டா பார்க்கும் இணையதளத்தின் கிராமப் பட்டியலிலும் இருக்காது. ஊரே அழிந்துவிட்டது போலிருக்கிறது என்று பலர் தேடலை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடுவதற்கு முன் அந்தப் பத்திரத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஊர்ப் பெயரை ஒட்டி ‘மஜரா’ என்று ஒரு சொல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வருவாய்க் கணக்கில் தனிக் கிராமமாக வராமல், வேறொரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்கிய சிறு குடியிருப்புதான் மஜரா. ‘இன்ன கிராமம் மஜரா இன்ன பாளையம்’ என்று பத்திரத்தில் எழுதியிருந்தால், முதலில் வருவது தாய்க் கிராமம், பின்னால் வருவது அதற்குள் இருக்கும் சிற்றூர். நில அளவை எண், பட்டா, பயிர்க் கணக்கான அடங்கல் எல்லாம் தாய்க் கிராமத்தின் பெயரில்தான் இருக்கும். மஜ்ரா என்றும் எழுதுவார்கள். சில பகுதிகளில் இது ‘மதுரா’ என்றே திரிந்து வழங்குகிறது. கல்யாணப் பத்திரிகை முகவரியில் அதைப் பார்த்துவிட்டு மதுரைக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு என்று குழம்ப வேண்டாம். சேலம் மாவட்டத்து மஜ்ரா கொல்லப்பட்டியில் இந்தச் சொல் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிலைத்தே விட்டது.

சொல்லின் பிறப்பிடம் அரபு. ‘விதைத்தல், பயிரிடுதல்’ என்ற வேரிலிருந்து வந்த ‘மஸ்ரஆ’ என்றால் பயிர் செய்யும் இடம், பண்ணை. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சொல்தான். தோட்டத்தையும் ஆட்டுப் பண்ணையையும் அங்கே ‘மஸ்ரா’ என்கிறார்கள். அரபிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து வட இந்திய நில வரிக் கணக்குகளுக்கும் போனது. டெல்லியின் மஜ்ரா டபாஸ் போல வடக்கே இந்தப் பெயரில் ஊர்கள் பல உண்டு. நவாபு ஆட்சியின் வரி நிர்வாகத்தோடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. பின்னால் வந்த ஆங்கிலேயர்கள் ஜில்லா, தாலுகா, கஸ்பா, ஜமாபந்தி ஆகியவற்றோடு இதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பொருள் மாறிய விதத்தையும் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து தள்ளியிருக்கும் நிலத்தில் பயிர் செய்யப் போகிறவர்கள் காவலுக்கு அங்கேயே குடிசை போடுவார்கள். நாலு குடிசை நாற்பதாகும். அப்புறம் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கிணறு. பயிர் நிலத்தைக் குறித்த சொல் இப்படித்தான் அங்கே முளைத்த குடியிருப்புக்கும் பெயரானது.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு பேரூரைச் சேர்ந்த சிற்றூரைப் ‘பிடாகை’ என்றார்கள். மஜராவுக்கு இவ்வளவு சரியாகப் பொருந்தும் சொல் வேறு இல்லை என்பேன். இன்று பேச்சில் அது இல்லாததால் வரலாறு எழுதும்போதுதான் கைகொடுக்கும். அன்றாடப் புழக்கத்துக்கு ‘உட்கிடை’ போதும்; உட்கிடை கிராமம் என்று செய்தித்தாள்களே எழுதுகின்றன. பத்திரங்களில் வரும் ‘உட்கடை’யும் இதுவே. குக்கிராமம் என்ற சொல்லை நான் தவிர்ப்பேன். அது வடமொழிச் சொல் என்பதோடு, அதன் ‘கு’ என்ற முன்னொட்டில் சிறுமையும் இழிவும் கலந்திருக்கின்றன. சிற்றூர் நல்ல சொல்தான். ஆனால் அளவைச் சொல்லுமே தவிர, எந்த ஊருக்குள் அடங்கியது என்பதைச் சொல்லாது.

சரி, பத்திரத்தில் மஜராவின் பெயர் மட்டும் இருந்து தாய்க் கிராமத்தின் பெயர் இல்லையென்றால்? செக்குபந்தி விவரத்துக்குப் போங்கள். நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லும் பகுதி அது. ‘ஏரி வாய்க்காலுக்கு வடக்கு, அய்யனார் கோயில் பாட்டைக்கு மேற்கு’ என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். ஆள் பெயர்கள் மாறிவிடும். ஏரியும் தாங்கல் எனும் சிறு ஏரியும் வாய்க்காலும் கோயிலும் அவ்வளவு எளிதில் பெயர் மாறுவதில்லை. அந்தத் தாலுகாவின் கிராம வரைபடங்களில் அவற்றைத் தேடினால், குடியிருப்பு கலைந்துபோயிருந்தாலும் ‘நத்தம்’, அதாவது குடியிருப்பு நிலம், என்று குறித்த இடம் அகப்படும். பழைய கணக்கில் நத்தமாக இருந்த நிலத்தில் இன்று ஒரு வீடுகூட இல்லாமல் வேலிக்கருவை மண்டியிருக்கலாம். ஆனாலும் ஊர் இருந்த இடம் அதுதான். அந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள். ‘பழைய ஊரு மேடு’ என்று கையைக் காட்டுவார்.

கடல் கடந்து போனவர்களின் வாரிசுகளுக்குத் தேடல் இன்னும் கடினம். சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் இருக்கும். ஆனால் ஊர்ப் பெயரை எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். போதாக்குறைக்கு, ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் நம் ஆள் தான் பிறந்த மஜராவைத்தானே சொல்லியிருப்பார்? அதை வருவாய்க் கிராமப் பட்டியலில் தேடி என்ன பயன்? தாலுகாவைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் உட்கிடைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுத்தைவிட ஒலிதான் இங்கே துணை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள். அவற்றுக்குள் 79,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள். ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு குடியிருப்புகள். புதுப்பாளையம், மோட்டூர், காட்டுக்கொட்டாய் போன்ற பெயர்கள் தாலுகாவுக்குத் தாலுகா திரும்பத் திரும்ப வரும். ஆகவே கண்டுபிடித்த பெயரைக் குறித்து வைக்கும்போது தாய்க் கிராமம், தாலுகா, நில அளவை எண் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். வில்லங்கச் சான்று போடப் போனால் முதலில் கேட்பது தாய்க் கிராமத்தின் பெயரைத்தான்.