பல் அடைக்கும் பொருள் பற்கூழை என்ன செய்யும்?

சொத்தைக்கு அடைக்க வருபவர்கள் பெரும்பாலும் பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிமெண்ட் வைத்தால் நரம்பு கெடுமா, வெள்ளை ஃபில்லிங் நல்லதா, வெள்ளி ஃபில்லிங்கில் பாதரசம் இருக்கிறதாமே என்று. நியாயமான கேள்விகள்தான். ஆனால் பல்லுக்குள் இருக்கும் உயிர்த்தசையான பற்கூழ் பிழைப்பதற்கு அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு உண்டு: குழிக்கும் பற்கூழுக்கும் நடுவே எவ்வளவு டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள பல்லின் கெட்டிப் பகுதி) மிச்சம் இருக்கிறது, அடைப்பின் விளிம்பில் கிருமி நுழைய இடம் இருக்கிறதா.

டென்டின் முழுக்க நுண்குழல்கள். எனாமலை ஒட்டிய பகுதியில் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 20,000 இருக்கும். பற்கூழை நெருங்க நெருங்க அது 45,000-ஐத் தாண்டும்; ஒவ்வொரு குழலும் அகலமாகும். அதனால் குழி ஆழமாக ஆக, மேலே வைக்கும் எதுவும் உள்ளே கசிவது பல மடங்கு எளிதாகிறது. 2 மி.மீ. டென்டின் மிஞ்சியிருந்தால் வழக்கமான எந்தப் பொருளும் பற்கூழைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. அரை மி.மீட்டருக்குக் கீழே போனால், டென்டினை உருவாக்கும் செல்களே சாகத் தொடங்கும்.

கிருமியின் பங்கைத் தெளிவாகக் காட்டியது 1965-ல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளில் செய்த ஆய்வு. கடைவாய்ப் பற்களில் பற்கூழைத் திறந்து, அடைக்காமலேயே விட்டார்கள். சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளில், குழிக்குள் உணவுத் துணுக்குகள் சிக்கிக் கிடந்தும், புது டென்டின் உருவாகித் திறந்த இடம் மூடிக்கொண்டது.

இப்போது பொருள்களுக்கு வருவோம். அதிகம் கவனிக்க வேண்டியது காம்போசிட், அதாவது வெள்ளை ஃபில்லிங். ஒளி பட்டு இறுகும்போது கன அளவில் 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்கும். ஆழமான குழியை ஒரே கட்டியாக நிரப்பினால் அடியில் ஒளி போதாது. இறுகாத ஹெமா, டெக்டிஎம்ஏ போன்ற மூலக்கூறுகள் நுண்குழல் வழியே உள்ளே போகும். சுருக்கத்தால் விளிம்பும் விலகும். அதனால்தான் வழக்கமான காம்போசிட்டை 2 மி.மீ. அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாக ஒளி காட்ட வேண்டும். ஒட்டு பிடிப்பதற்காக முதலில் பூசும் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம் டென்டினில் 15 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. கழுவியபின் காற்றடித்து வறட்டி உலர்த்தினால் டென்டினில் உள்ள கொலாஜன் என்ற நார் வலை படிந்துபோய் ஒட்டு உள்ளே இறங்காது. ‘வெள்ளை ஃபில்லிங் வைத்ததிலிருந்து கடித்தால் சுளீர் என்கிறது’ என்ற புகாரில் பாதிக்குப் பொருளைக் குறை சொல்ல முடியாது, வைத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

வெப்பத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் போதாமல் டிரில் ஓட்டினாலும், மெல்லிய டென்டின் மேல் சக்திவாய்ந்த எல்இடி விளக்கை நெடுநேரம் பிடித்தாலும் பற்கூழ் சூடேறும். சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் உயர்வையே ஆபத்தின் எல்லையாக வைத்திருக்கிறோம்.

ஜிங்க் ஆக்ஸைட் யூஜினால் என்ற சிமெண்டை டென்டின் மேல் வைத்தால் வலியைத் தணிக்கும். திறந்த பற்கூழைத் தொட்டால் நஞ்சு. காம்போசிட்டுக்கு அடியில் வைத்தால் காம்போசிட் சரியாக இறுகாது. கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் பல்லோடு தானே ஒட்டும், ஆழக் குழிக்கு நல்ல அடித்தளம். ஆனால் தொடக்கத்தில் அமிலத்தன்மை உள்ளது, பற்கூழின் மேல் நேராக வைக்கக் கூடாது. அமால்கம், அதாவது வெள்ளி ஃபில்லிங்கில் பாதரசம் சுமார் பாதி. பற்கூழைப் பொறுத்தவரை அதன் குறை வேறு: சூட்டையும் குளிரையும் வேகமாகக் கடத்தும், பல்லோடு ஒட்டாது. 2025 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியதில் சுற்றுச்சூழல் கவலைக்குப் பெரிய பங்கு உண்டு.

பற்கூழ் திறந்துகொண்டால் ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் விரிப்பு) போட்ட நிலையில், சோடியம் ஹைப்போகுளோரைட் நனைத்த பஞ்சை மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். 5 முதல் 10 நிமிடத்துக்குள் ரத்தம் நின்றால் மூடிப் பார்க்கலாம். நிற்காவிட்டால் அழற்சி ஆழமாகப் போயிருக்கிறது. அந்தப் பகுதியை வெட்டி எடுக்காமல் மூடுவது வீண். இப்படி மூடுவதற்குக் கடும் காரமான கால்சியம் ஹைட்ராக்ஸைடு (பி.ஹெச். சுமார் 12.5) நெடுங்காலம் கைகொடுத்தது. ஆனால் கரையும், அது தூண்டும் டென்டின் பாலத்திலும் (திறந்த இடத்தை மூடும் புது டென்டின்) ஓட்டைகள் விழும். இன்று எம்டிஏ, பயோடென்டின் போன்ற கால்சியம் சிலிக்கேட் சிமெண்டுகளையே முதலில் எடுப்போம். எம்டிஏ முன்பல்லைக் கறுக்கச் செய்யலாம் என்பதால் அங்கே மட்டும் யோசிக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, பற்கூழைத் திறக்காமலே இருப்பது. வலி தானாக வராத உயிருள்ள பல்லில், குழியின் ஓரங்களைச் சுத்தமாகக் கெட்டி டென்டின் வரை எடுத்துவிட்டு, பற்கூழுக்கு நேர் மேலே உள்ள மென்சொத்தையைக் கொஞ்சம் விட்டு இறுக்கமாக மூடலாம். ‘சொத்தையை மிச்சம் வைத்துவிட்டார்’ என்று பதற வேண்டாம். உணவு கிடைக்காத கிருமி அங்கே அடங்கிவிடும்.

அடைத்தபின் சில விநாடியில் மறையும் குளிர்க் கூச்சம் இரண்டு மூன்று வாரம் இருக்கலாம். கடிக்கும்போது மட்டும் வலித்தால் அடைப்பு உயரமாக இருக்கலாம், போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். சூடு பட்டு நெடுநேரம் நீடிக்கும் வலி, தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால் மாத்திரையில் நாள் கடத்தாதீர்கள். ஆழமாக அடைத்த பல் வலிக்காமலேயே செத்துப்போவதும் உண்டு. ஆகவே ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் குளிர்ச் சோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பாருங்கள்.