ஐ.எஃப்.ஆர். விதிகள்: பைலட்டுகள் தடுமாறும் இடங்கள்

மேகத்துக்குள் நுழைந்து ஜன்னல் வழியே ஒன்றும் தெரியாமல் போனால், கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்ட வேண்டும். அதற்கென்று இருக்கும் விதிகளைத்தான் ஐ.எஃப்.ஆர். என்கிறார்கள். அமெரிக்காவில் இவற்றை வகுப்பது எஃப்.ஏ.ஏ. என்ற அரசு விமானப் போக்குவரத்து அமைப்பு. பைலட்டின் தகுதி பற்றிய விதிகள் பகுதி 61-இல் இருக்கின்றன, பறக்கும் முறை பற்றியவை பகுதி 91-இல். பயிற்சிக்காக அமெரிக்கா போகும் நம் பிள்ளைகளும் இதே விதிகளைப் படித்துத்தான் எழுத்துத் தேர்வையும், தேர்வாளர் முன் உட்கார்ந்து பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வையும் தாண்டுகிறார்கள்.

எண்களை நன்றாக மனப்பாடம் செய்தவர்கள்கூட அந்த அறையில் திணறுகிறார்கள். எண் தெரியும், ஆனால் அது எந்தக் கட்டத்துக்கு உரியது என்பது தெரியாது. கிளம்புவதற்கு முன் திட்டம் போடும்போது பார்க்க வேண்டிய எண்ணா, வானத்தில் இருக்கும்போது கட்டுப்படுத்தும் எண்ணா? சிக்கலான கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தைத்தான் குறி வைக்கின்றன.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். ஐ.எஃப்.ஆர். விமானத்துக்குத் தலைமை பைலட்டாகப் போக, பறக்கும் மாதத்துக்கு முந்தைய 6 காலண்டர் மாதங்களில் 6 அப்ரோச் (கருவிகளைப் பார்த்து ரன்வேயை நோக்கி இறங்கி வருவது), ஹோல்டிங் (ஓரிடத்தில் சுற்றியபடி காத்திருப்பது), கருவி வழிப் பாதையைப் பிடித்துத் தொடர்தல் ஆகியவற்றைச் செய்திருக்க வேண்டும் என்கிறது விதி 61.57. இங்கே நாள் கணக்கு கிடையாது, மாதக் கணக்குதான். எல்லாவற்றையும் ஜனவரி 10-ஆம் தேதி ஒரே நாளில் முடித்திருந்தால் ஜூலை 31 வரை பறக்கலாம். ஆகஸ்ட் 1-இல் தகுதி போய்விடும். வானம் பளிச்சென்று இருந்தாலும், ஐ.எஃப்.ஆர். திட்டம் போட்டுப் பறக்க இந்தத் தகுதி வேண்டும். விட்டதைப் பிடிக்க அடுத்த ஜனவரி 31 வரை நேரம் உண்டு. அதற்குள் வெளியே தெரியாதபடி கண்மறைப்பு மாட்டிக்கொண்டு, வெளியே கவனித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சேஃப்டி பைலட்டை உட்கார வைத்து விடுபட்டதைச் செய்துவிடலாம். அந்தச் சேஃப்டி பைலட்டுக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதி, இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவசியமில்லை. அந்த வகை விமானத்துக்கான ரேட்டிங்கோடு பிரைவேட் பைலட் உரிமமும் செல்லுபடியாகும் மருத்துவத் தகுதியும் இருந்தால் போதும். பிப்ரவரி பிறந்துவிட்டால் மட்டும் இந்த வழி அடைபடும். அப்புறம் தகுதியுள்ள பயிற்றுநரிடமோ தேர்வாளரிடமோ ஐ.பி.சி. என்ற திறன் சோதனை கொடுத்தே ஆக வேண்டும்.

அதிகம் குழப்புவது ஆல்டர்நேட், அதாவது மாற்று விமான நிலையம். விதி 91.169-ஐ 1-2-3 என்று நினைவில் வைப்பார்கள். போய்ச் சேரும் நேரத்துக்கு 1 மணி நேரம் முன்பிருந்து 1 மணி நேரம் பின்பு வரை, சீலிங் குறைந்தது 2,000 அடி, பார்வைத் தூரம் குறைந்தது 3 மைல் என்று முன்னறிவிப்பு இருந்தால் ஆல்டர்நேட் குறிப்பிட வேண்டாம். வானத்தைப் பாதிக்கு மேல் மூடியிருக்கும் மேக அடுக்குகளில் மிகத் தாழ்ந்ததன் உயரமே சீலிங். அங்கங்கே சிதறிய மேகம் 1,000 அடியில் இருந்தாலும் அது சீலிங் ஆகாது.

ஒரு உதாரணம். மாலை 4 மணிக்கு இறங்கப் போகிறோம். 4.30 வரை சீலிங் 2,500 அடி, அதன் பின் 1,800 அடி என்கிறது முன்னறிவிப்பு. நாம் இறங்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஆல்டர்நேட் வேண்டும். பார்க்க வேண்டியது 3 மணியிலிருந்து 5 மணி வரை, அதில் கடைசி அரை மணி நேரம் தவறுகிறது. இன்னொரு கண்ணியும் உண்டு. போகும் விமான நிலையத்துக்கு வெளியிடப்பட்ட கருவி அப்ரோச் ஒன்றுகூட இல்லையென்றால், வானிலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஆல்டர்நேட் கட்டாயம். 1-2-3 விலக்கு அங்கே செல்லாது.

சரி, ஆல்டர்நேட்டாக எதைக் குறிப்பிடலாம்? அங்கே சேரும் நேரத்தில் பிரிசிஷன் அப்ரோச் (இறங்கும் சரிவையும் துல்லியமாகக் காட்டுவது) இருந்தால் 600 அடி சீலிங்கும் 2 மைல் பார்வைத் தூரமும், நான்பிரிசிஷன் (அப்படிக் காட்டாதது) என்றால் 800 அடியும் 2 மைலும் முன்னறிவிப்பில் இருக்க வேண்டும். சார்ட்டில், அதாவது அப்ரோச் வரைபடத்தில், அந்த நிலையத்துக்கென்று வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. தேர்வாளர் இங்கேதான் மடக்குவார்: முதல் நிலையத்தில் இறங்க முடியாமல் ஆல்டர்நேட்டுக்கு வந்துவிட்டீர்கள், அங்கே சீலிங் இப்போது 300 அடிதான், என்ன செய்வீர்கள்? 600 இல்லையே என்று திரும்பத் தேவையில்லை. 600-2 என்பது தரையில் திட்டம் போடும்போது பார்த்த எண். வந்து சேர்ந்தபின் அந்த அப்ரோச்சின் சொந்தக் குறைந்தபட்ச அளவுதான் பொருந்தும். ஐ.எல்.எஸ். என்ற பிரிசிஷன் அப்ரோச் 200 அடி வரை இறக்கினால், தாராளமாக முயலலாம். அதுபோல, திட்டத்தில் எழுதிய ஆல்டர்நேட்டுக்கேதான் போக வேண்டும் என்றும் இல்லை.

எரிபொருள் விதி 91.167 இதோடு சேர்ந்தே வரும். முதல் நிலையம் வரை, ஆல்டர்நேட் தேவைப்பட்டால் அங்கே வரை, அதற்கு மேல் சாதாரண வேகத்தில் 45 நிமிடம். இது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் மட்டுமே. எதிர்க்காற்று கூடி, ஹோல்டிங்கில் சுற்ற விட்டால் 45 நிமிடம் எப்படிக் கரையும் என்று நினைத்துப் பார்த்தால் யாரும் அந்த அளவோடு நிறுத்த மாட்டார்கள்.

இனி இறங்கும் கட்டம். விதி 91.175-படி டி.ஏ. அல்லது எம்.டி.ஏ. என்ற, ரன்வே தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரத்துக்குக் கீழே போக மூன்று வேண்டும்: சாதாரணமாக இறங்கக்கூடிய நிலையில் தொடர்ந்து இருப்பது, தேவையான பார்வைத் தூரம், ரன்வேயைக் காட்டும் அடையாளங்களில் ஒன்று. பார்வைத் தூரம் என்பது காக்பிட்டிலிருந்து பைலட் காண்பது, கோபுரம் சொல்வது அல்ல. அதனால் பகுதி 91-இல் பறப்பவர், குறைந்தபட்சத்துக்குக் கீழே என்று அறிவித்திருந்தாலும் அப்ரோச்சைத் தொடங்கலாம். விமான நிறுவனங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அடையாளமாக அப்ரோச் விளக்குகள் மட்டும் தெரிந்தால், சக்கரம் தரையைத் தொடும் டச்டவுன் பகுதியின் உயரத்துக்கு 100 அடி மேலே வரைதான் இறங்கலாம். டச்டவுன் பகுதி 600 அடி, டி.ஏ. 800 அடி என்றால், விளக்குகளை வைத்து 700 வரை. அதற்கும் கீழே போக சிவப்பு விளக்குப் பட்டைகளோ, ரன்வே முனையோ, ரன்வே விளக்குகளோ தெரிய வேண்டும். புறப்படுவதற்கோ பகுதி 91-இல் குறைந்தபட்சப் பார்வைத் தூரம் என்று ஒன்றுமே இல்லை. சட்டம் தடுக்காவிட்டாலும், கிளம்பிய உடனே இன்ஜின் மக்கர் செய்தால் திரும்பி இறங்க முடியாத வானிலையில் கிளம்பவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்ரோச்சுக்கு கிளியரன்ஸ், அதாவது கட்டுப்பாட்டாளரின் அனுமதி, கிடைத்துவிட்டால் உடனே கீழே இறங்கலாமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் 92 உயிர்கள் இருக்கின்றன. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி, டி.டபிள்யூ.ஏ. 514 என்ற போயிங் 727 விமானம் வாஷிங்டன் அருகே உள்ள டல்லஸ் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. ரன்வேக்கு இன்னும் சுமார் 44 மைல் இருக்கும்போதே அப்ரோச் கிளியரன்ஸ் கிடைத்தது. உயரம் பற்றி வேறு கட்டுப்பாடு எதுவும் சொல்லப்படவில்லை. விமானிகள் 1,800 அடிக்கு இறங்கத் தொடங்கினார்கள். சார்ட்டில் அது அப்ரோச்சின் கடைசிப் பகுதிக்கான உயரம், அவர்கள் இருந்த இடமோ வர்ஜீனியாவின் மவுன்ட் வெதர் மலைப்பகுதி. விமானம் மலையில் மோதி, உள்ளே இருந்த அத்தனை பேரும் இறந்தார்கள். பைலட்டும் கட்டுப்பாட்டாளரும் கிளியரன்ஸ் என்ற அந்த ஒரே வார்த்தைக்கு வேறு வேறு பொருள் கொண்டிருந்தார்கள்.

இன்றைய விதி இதில் தெளிவாக இருக்கிறது. வெளியிடப்படாத பாதையிலோ ரேடார் வெக்டரிலோ (கட்டுப்பாட்டாளர் திசை சொல்லி வழிநடத்துவது) இருக்கும்போது அப்ரோச் கிளியரன்ஸ் வந்தால், ஏ.டி.சி., அதாவது கட்டுப்பாட்டாளர், வேறு உயரம் சொல்லாத வரை, சார்ட்டில் உள்ள பாதையில் நிலைபெறும் வரைக்கும் கடைசியாகக் கொடுத்த உயரத்தை விடக் கூடாது. கட்டுப்பாட்டாளர்களும் கிளியரன்ஸோடு சேர்த்தே அந்த உயரத்தைச் சொல்கிறார்கள். சொல்லவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரேடியோ செத்துப்போனால்? விதி 91.185-ஐ எடுத்தவுடன் பாதையையும் உயரத்தையும் ஒப்பிக்கத் தொடங்குவார்கள். ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில், ரேடியோ போய்விட்டது என்று சொல்லும் 7600-ஐப் போட்டபின் முதல் கேள்வி, வெளியே பார்வையில் பறக்கும் வானிலை இருக்கிறதா என்பதுதான். இருந்தால், அல்லது பிறகு அப்படி ஒரு இடம் கிடைத்தால், பார்வையிலேயே பறந்து முடிந்தவரை சீக்கிரம் இறங்க வேண்டும். மேகத்துக்குள் மாட்டியிருந்தால் மட்டுமே மற்றவை. கடைசியாகக் கொடுத்த பாதை. வெக்டரில் இருந்தால், எந்தப் புள்ளிக்கு வெக்டர் கொடுத்தார்களோ அங்கே நேராக. அதுவும் இல்லையென்றால் எதிர்பார்க்கச் சொன்ன பாதை, கடைசியில் திட்டத்தில் எழுதிய பாதை. உயரத்துக்கோ கொடுத்தது, எதிர்பார்க்கச் சொன்னது, பாதையின் அந்தப் பகுதிக்குரிய குறைந்தபட்ச உயரம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அது. இதை ஒவ்வொரு பகுதிக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 5,000 அடியில் இருக்கிறீர்கள், 10 நிமிடத்தில் 8,000 எதிர்பார்க்கச் சொன்னார்கள் என்று வையுங்கள். 10 நிமிடம் ஆனதும் 8,000-க்கு ஏறுங்கள். அடுத்த பகுதியின் குறைந்தபட்சம் 9,000 என்றால் அங்கே 9,000. அதற்கடுத்த பகுதியில் 6,000 போதும் என்றாலும் 6,000-க்கு இறங்கக் கூடாது, 5,000-க்கும் இல்லை. மறுபடி 8,000 அடிக்குத்தான் வர வேண்டும்.