லேயர்: அடுக்கா, படலமா?

பென்சிலில் வரைந்து கணினியில் வண்ணமிடும் ஓவியர்களின் பேச்சில் ஓயாமல் புழங்கும் சொல் லேயர்; கணினிப் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் தனித்தனித் தாள் போன்றது அது. "கோட்டு லேயரை மேலே வை, நிறத்துக்குத் தனி லேயர் போடு" என்பார்கள்.

'இடு', 'வை' எனப் பொருள்படும் 'லே' என்ற ஆங்கில வினையிலிருந்து பிறந்த சொல் இது. முதலில் கல்லை வரிசையாக வைத்துக் கட்டும் ஆளைத்தான் குறித்தது. வைக்கப்பட்ட பொருளுக்கு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததற்கு, அது பெயரானது 17ஆம் நூற்றாண்டில்.

தமிழில் படலம், அடுக்கு, ஏடு, தளம் என்று பலவும் எழுதுகிறார்கள். ஏடு அழகான சொல்தான், ஆனால் இன்று நாளேடுதான் நினைவுக்கு வருகிறது. தளம் இணையத்தோடு போய்விட்டது. மிஞ்சும் இரண்டும் ஒன்றல்ல. எண்ணெய் ஓவியத்தில் மெல்லிய வண்ணத்தைப் பூசி, காய்ந்தபின் அடுத்ததைப் பூசுவார்கள். அடிநிறம் மேல்நிறத்தின் ஊடே தெரியும், ஆனால் அதை மட்டும் உருவி எடுக்க முடியாது. இது படலம்.

அசைவூட்டப் படங்களுக்காக 1914இல் ஏர்ல் ஹர்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறையோ வேறு. பின்னணி அசையாமல் இருக்க, பாத்திரங்களை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள்களில் வரைந்து அதன்மேல் வைத்தார்கள். ஒரு தாளை மாற்றினால் மற்றவை அப்படியே இருக்கும். இது அடுக்கு. 1990இல் வெளியான ஃபோட்டோஷாப் என்ற படத்திருத்த மென்பொருளுக்கு இந்த வசதி வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில்தான்.

கையும் கணினியும் சேருமிடம் இங்கேதான். பென்சில் படத்தை ஸ்கேன் செய்து மேலடுக்காக வைத்து, 'மல்டிப்ளை' என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுக்கிறார் ஓவியர். பெயருக்கேற்ப அது பெருக்கல் கணக்கு. வெள்ளை 1, கறுப்பு 0. எந்த நிறத்தையும் ஒன்றால் பெருக்கினால் அதே நிறம், எனவே தாளின் வெள்ளை மறைந்துவிடும். கோடும் பென்சிலின் சொரசொரப்பும் மட்டும் நிற்க, கீழடுக்கில் வண்ணம் தீட்டலாம், பிடிக்காவிட்டால் கோட்டைத் தொடாமல் அழிக்கலாம்.

'அடுத்து', 'அடுத்தல்' ஆகியவற்றின் உறவுச்சொல் அடுக்கு. இலக்கணத்திலும் உண்டு: அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் ஒவ்வொரு சொல்லும் பொருள் தரும், இரட்டைக்கிளவியைப் பிரித்தால் தராது. கணினி லேயருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. எல்லா லேயர்களையும் ஒன்றாக்கும் 'ஃபிளாட்டன்' கட்டளையைத் 'தட்டையாக்கு' என்பதைவிட 'அடுக்கு குலை' என்றால் நடப்பது புரியும். கொஞ்சம் கடுமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ரிசோகிராஃப் என்ற நகலச்சு எந்திரத்தில் இது திரும்பவும் தாளுக்கே வருகிறது. ஒவ்வொரு நிறத்துக்குமான அடுக்கையும் தனித்தனிச் சாம்பல்நிறக் கோப்பாகப் பிரித்துக் கொடுத்தால், எந்திரம் நிறத்துக்கு ஓர் உருளை என அச்சிடும். நிறங்கள் மயிரிழை விலகி விழும். அந்த விலகலுக்காகவே இம்முறையை நாடுபவர்கள் உண்டு.