லயத்துச் சுவருக்குக் காது உண்டு

இலங்கை மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகள்தான் லயம். அங்கே ஒரு காம்பராவில் (அறையில்) அழுதால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். ஓ எல் (சாதாரண தரப் பரீட்சை) எழுதிய பையன் ரெண்டு வாரமாகத் தூங்காமல், சாப்பிடாமல், கிரிக்கெட் மட்டையைக்கூடத் தொடாமல் கிடந்தால், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள்: ‘மெண்டல்’, ‘காத்துக் கருப்பு’, ‘அங்கொடைக் கேஸு’, அதாவது மனநல ஆஸ்பத்திரிக் கேஸு. பிள்ளைகள் பயப்படுவது இந்தப் பெயருக்குத்தான். இத்தனைக்கும் நுவரெலியா, பதுளை ஆஸ்பத்திரிகளிலேயே மனநலக் கிளினிக் உண்டு. கொழும்புப் பக்கம் அங்கொடை வரைக்கும் போகவேண்டியவர்கள் மிகச் சிலர்.

அதனால் அந்தப் பையனிடம் வீட்டுக்குள் வைத்துப் பேசாதீர்கள். தேயிலை மலைப் பக்கம் நடந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினால் பையன்கள் வாய் திறப்பார்கள். ‘ஏன் இப்படி இருக்க?’ என்றால் ஏசுவதுபோல் விழும். ‘ரெண்டு வாரமா ஒறக்கமில்லாம இருக்கியே தம்பி, என்னா செய்யுது?’ என்று கண்ணில் பட்டதைச் சொல்லிக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் புத்திமதி ஆரம்பித்தால் கதை அதோடு முடிந்தது.

‘செத்துரலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பொலிஸ் கேஸாகும் என்று இன்னும் ஒளிக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998லேயே குற்றப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது.

பூசாரி கயிறு கட்டினால் கட்டட்டும். கயிறு கட்டிய கையாலேயே மாத்திரையும் போடலாம்.

மனச்சோர்வு மாத்திரையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரமும் ஆகும். வயிற்றுப் பிரட்டலும் தலைவலியும் முதல் வாரமே வந்துவிடும். ‘மருந்து ஒத்துக்கல’ என்று பத்தாம் நாள் நிறுத்துவது இதனால்தான். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடரவேண்டும். ஆரம்ப வாரங்களில் பதற்றமோ சாகும் நினைப்போ கூடினால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கிளினிக் நாளில் அம்மாவுக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும். தவணை தவற அதுவும் ஒரு காரணம். பாட்டியோ அண்ணனோ முறை வைத்துக் கூடப் போகலாம். பஸ்ஸில் யாராவது கேட்டால் ‘ஆஸ்பத்திரிக்கு’ என்ற ஒரு சொல் போதும். கிளினிக் கொப்பியை யாரிடம் காட்டுவதென்று அந்தப் பிள்ளையே முடிவுசெய்யட்டும்.

மனநல உதவி எண் 1926ஐ அழைத்தால் 24 மணிநேரமும் பேசலாம். எந்தப் பாறையில் ஏறினால் டவர் கிடைக்கும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அங்கே சுவரும் இல்லை.